வலப்பக்கம் சரிந்து

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வான்காரர் தள்ளியிருந்த பிக்கரிங்கில் வீடு வாங்கிக்கொண்டு போனதால்தான் நான் மறுபடியும் மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டி வந்தது. அதுவரை எங்கள் கட்டடத்திலிருந்து எட்டுப் பேரைத் தன் வானில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாண் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். அந்த எட்டுப் பேரில் நானும் மனைவியும் இருவர். நான் மாக் குழைக்கும் இயந்திரத்தில் நின்றேன். அவள் சுட்டுவரும் பாணைப் பையில் போடும் ஓடுபட்டியில் நின்றாள்.

தொழிற்சாலை நகரத்தின் ஓரத்தில் உள்ள அஜின்கோர்ட்டையும் தாண்டி வடக்கே இருந்தது. நகரத்து பஸ் திரும்பிவிடும் இடத்தில் இறங்கினால் இன்னும் நாற்பது நிமிட நடை. இரண்டு பக்கமும் வெறும் வயல். வான் நின்றதும் மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு காரில் தொற்றிக்கொண்டார்கள். இரண்டு பேராக ஏறுவதற்கு ஒரு காரிலும் இடம் இருக்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது ஒதுங்கி இடம் தந்திருப்பார்கள். எனக்குக் கேட்க வராது. காருக்கு இரண்டு தடவை சோதனைக்குப் போய் இரண்டு தடவையும் தவறியிருந்தேன். பக்கத்தில் ஒருவர் மடியில் புள்ளி எழுதும் மட்டையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் எனக்குப் பிரேக்கும் கியரும் மாறிப்போகும்.

எங்கள் மாடியிலேயே நான்கு கதவு தள்ளி ஓர் அண்ணை இருந்தார். ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய மோட்டார் சைக்கிள் நிலத்துக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில் பழைய போர்வை ஒன்றைப் போர்த்தியபடி நின்றது. முதுகு பிடித்துக்கொண்டதால் அவர் அதைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தம்பி, நீர் ஊரிலை ஓடினனீர் எண்டு உம்மடை மனிசி சொன்னா. உது சும்மா நிண்டு கறள் கட்டுது. எடுத்து ஓடுமன்."

"பனிக்காலம் வருகுதண்ணை."

"பனி கொட்டினா நிப்பாட்டும். அது மட்டும் ஓடலாம். ஜெர்மனியிலை நான் மார்கழியிலும் ஓடினனான். மூக்கு விறைச்சது, வேறை ஒண்டும் நடக்கேல்லை."

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப ரெண்டு பேரும் ஒண்டாப் போகலாம்தானே?" என்றாள். நான் ஓம் என்றேன்.

பதினொரு வருடமாக நான் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. கடைசியாக என் பின்னால் இருந்தவர் என் அக்கா. அவ என் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனா. இது மனைவிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அதில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு மட்டுமே தெரியும். அதை வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பின்னால் ஏற்ற முடியுமா என்பதுதான் அந்தக் கார்த்திகை மாதம் முழுவதும் எனக்கு இருந்த ஒரே கேள்வி. லைசென்ஸ் அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு. அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். சட்டப் புத்தகத்தை அவள் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் பாடமாக்கினேன். ஓடிக் காட்டும் சோதனையில் சோதிப்பவர் தூரத்தில் நின்றார். தூரத்தில் நின்றால் எனக்குப் பயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கீழ்ப் பார்க்கிங் பாதி காலியாக இருக்கும். மேலே குழாய்களிலிருந்து தண்ணீர் சொட்டும். தூண்களுக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து இலக்கம் எழுதியிருப்பார்கள். அண்ணை ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டார். நான் எஞ்சினை உதைத்தேன். அந்தச் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வந்து என் மீதே விழுந்தது.

கால் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. பழக்கம் விட்டவனுக்கு வரும் பயத்தை எதிர்பார்த்துத்தான் ஏறினேன். அது வரவில்லை. மூன்றாவது தூணைச் சுற்றித் திரும்பும்போது வேறொன்று வந்தது. பின்சீற்றில் ஆள் இருப்பது தெரிந்தது. கண்ணால் பார்க்கத் தேவையில்லாத தெரிதல் அது. சைக்கிள் இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தது. நிறுத்திக் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். சீற்றில் தூசி இருந்தது.

"தம்பி," அண்ணை கதிரையிலிருந்து கூப்பிட்டார். "ஏன் வலப்பக்கம் சரிஞ்சு ஓடுறீர்? ஆருக்கு இடம் விடுறீர்?"

எங்கள் ஊரில் பெண்கள் பின்சீற்றில் பக்கவாட்டாகத்தான் இருப்பார்கள். இரண்டு காலும் இடப்பக்கம் தொங்கும். ஒரு கை ஓடுகிறவனின் தோளில் இருக்கும், மற்றக் கை சேலையைப் பிடித்திருக்கும். பாரம் இடப்பக்கம் இழுக்க, ஓடுகிறவன் தன் உடம்பை ஒரு விரற்கடை வலப்பக்கம் சரித்து அதைச் சமன் செய்வான். யாரும் சொல்லித் தருவதில்லை. இடுப்பு தானாகவே பழகிக்கொள்ளும். என் இடுப்பு, ஒருவரும் இல்லாத சீற்றுக்கு ஈடு கொடுத்துக்கொண்டிருந்தது.

"நேராத்தானே இருக்கிறன் அண்ணை," என்றேன்.

"உமக்கு அது நேர். றோட்டு ஈரமெண்டா அது நேரில்லை. குளிருக்குள்ளை ரயர் கல்லு மாதிரி. ஒரு பக்கம் சரிஞ்சீர் எண்டா அது உம்மை மன்னிக்காது."

அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவ. எனக்குக் கலியாணம் பிந்திக்கொண்டு போனதால் அவவே தேடித் திரிந்து ஓர் இடத்தைப் பிடித்தா. அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய் முடிவாகப் பேசிவிட்டு வருவதாக இருந்தது. நான் சைக்கிளை எடுத்தேன். அவ பெட்டியிலிருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டா. அந்த வீட்டில் பலகாரம் சுட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேரவில்லை. வழியில் சேலைத் தலைப்பு பின்சில்லின் கம்பிகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. அந்த வீட்டுப் பெண்ணைத்தான் ஒரு வருடம் கழித்து நான் கட்டினேன். அக்கா பிடித்த இடம் என்பதால் வேறு இடம் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். என் வாழ்க்கையில் நான் பிடிவாதமாக நின்றது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பழகும் வரைக்கும் தனியாக ஓடுகிறேன், நீர் பஸ்ஸில் வாரும் என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு கிழமை அப்படி ஓடினேன். காலுறைக்கு மேல் பிளாஸ்ரிக் பை, அதற்கு மேல் சப்பாத்து. கோட்டுக்குள் நெஞ்சில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையை விரித்து வைத்து ஸிப்பை இழுப்பேன். கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் றப்பர் கையுறை. சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்ப் பிள்ளைகள் என் மஞ்சள் கைகளைப் பார்த்துச் சிரிக்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன். மூச்சு விட்டால் ஹெல்மெற் கண்ணாடியில் புகார் படிந்து வீதியை மறைக்கும் என்பதால் விளக்குகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அண்ணை சொன்னவை ஒவ்வொன்றாகக் காலுக்கும் கைக்கும் விளங்கின. வெளிக்கிட்ட முதல் பத்து நிமிடம் ரயரை நம்பக்கூடாது. வீதியில் கீறிய வெள்ளைக் கோட்டில் ஏறக்கூடாது. ஊரில் நாங்கள் பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்கள், இங்கே இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். ஐஸைக் கண்டால் ஐஸைப் பார்க்கக்கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் இடுப்பு வலப்பக்கம் போனது.

நெடுஞ்சாலைக்கு மேலாகப் போகும் பாலம் ஒன்று இருந்தது. வீதி காய்ந்திருந்தாலும் பாலம் உறைந்திருக்கும், கீழே மண் இல்லாததால் குளிர் இரண்டு பக்கமும் பிடிக்கும் என்று அண்ணை எச்சரித்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பாலத்தின் நடுவில் பின்சில்லு தன்பாட்டுக்கு இடப்பக்கம் போனது. ஒரு கணம் சைக்கிள் என்னுடையதாக இருக்கவில்லை. நான் பிரேக்கைத் தொடவில்லை. முன்னால் பார்த்தபடி இருந்தேன். சில்லு திரும்பி வந்தது. பின்னால் வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. விழவில்லை. ஆனால் அந்த ஒரு கணத்தில் நான் வாய்விட்டு, "பொறு அக்கா," என்று சொன்னேன். ஹெல்மெற்றுக்குள் என் குரல் எனக்கே கேட்டது.

தொழிற்சாலையில் கையைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன். மனைவி வந்து, "எப்பிடி?" என்றாள்.

"பரவாயில்லை."

"எப்ப என்னை ஏத்தப்போறியள்? இந்தக் குளிருக்கை நடந்து நடந்து என்ரை காது கழண்டு விழப்போகுது."

அண்ணையிடம் கேட்டேன். பெரிய அரிசி மூட்டை ஒன்றைப் பின்சீற்றில் கட்டி ஓடிப் பாரும் என்றார். "நடுவிலை கட்டும். ஆளெண்டா இப்பிடித்தான் ரெண்டு பக்கமும் காலைப் போட்டு நடுவிலை இருக்கவேணும். இஞ்சை அதுதான் சட்டமும்." அரிசி மூட்டையோடு பார்க்கிங்கை முப்பது தடவை சுற்றினேன். நேராக ஓடினேன். ஒரு பிழையும் இல்லை. அரிசி மூட்டை பேசாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கீழே வந்தாள். அண்ணைக்கு அன்றைக்கு முதுகு சரியில்லை, அவர் வரவில்லை. அவளுக்கு நீளமான சட்டை, மேலே தடித்த கோட், கழுத்தில் கம்பளிச் சால்வை. நான் மூட்டையை அவிழ்த்துத் தூணோடு சாய்த்து வைத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் தோளில் கையை ஊன்றி, ஊரில் எல்லாப் பெண்களும் ஏறுவது போல, பக்கவாட்டாக ஏறி இருந்தாள். யோசித்துச் செய்யவில்லை, உடம்பு அப்படித்தான் ஏறியது. என் இடுப்பு அந்த நிமிடமே வலப்பக்கம் போய் இடம் விட்டது. குனிந்து பார்த்தேன். சால்வையின் நுனி பின்சில்லுக்குப் பக்கத்தில் தொங்கியது.

எஞ்சினை நிறுத்தினேன்.

"என்னப்பா?"

"இறங்கும்."

"ஏன், கனக்கிறனோ? அரிசியை விடக் கொஞ்சம் கூடத்தான், தெரியும்தானே."

"இறங்குமெண்டுறன்."

அந்தக் குரலில் நான் அவளோடு பேசியதில்லை. இறங்கிவிட்டாள். நான் சீற்றில் இருந்தபடியே பெற்றோல் தாங்கியைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.

அந்த வீதியில் ஓர் ஆமிச் சென்றி இருந்தது. மண்மூட்டை அடுக்கி, மேலே தகரம் போட்ட காவல் இடம். அதற்கு முன்னால் நிற்பாட்டக்கூடாது, வேகமாகவும் போகக்கூடாது. நிற்பாட்டினால் குண்டு ஏதோ வைக்கிறான் என்று நினைத்துச் சுடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்றி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அக்கா என் தோளைத் தட்டி, "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு," என்றா. "பொறு அக்கா, சென்றி தாண்டட்டும்," என்றேன். தாண்டினோம். அப்போதும் உடனே நிற்பாட்டவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் ஓர் ஒழுங்கை வரும், அதற்குள் திருப்பி நிற்பாட்டலாம் என்று நினைத்தேன். ஒழுங்கை வருவதற்குள் பின்னால் பாரம் இல்லாமல் போய்விட்டது.

மனைவி தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு நிப்பாட்டச் சொன்னவா?"

"தெரியாது."

"சீலை இழுபடுகுதெண்டோ?"

"தெரியாது. நான் கேக்கேல்லை."

"சென்றிக்கு முன்னாலை நிப்பாட்டியிருந்தா சுட்டிருப்பாங்களோ?"

"தெரியாது."

"தாண்டின பிறகு நிப்பாட்டியிருக்கலாம்."

"ஓம்."

ஒரு கார் சரிவில் இறங்கி வந்து எங்களைக் கடந்து போய் நின்றது. அதிலிருந்தவர்கள் கடைப் பைகளை எடுத்துக்கொண்டு லிப்ற்றுக்குப் போகும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சத்தம் போடாமல் சொன்னாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும். கலியாணம் கட்டின நாள் தொட்டு உங்கடை அம்மா என்ரை காலைத்தான் சொல்லுறா. படியேற முந்தியே ஆளை விழுத்தின கால் எண்டு. பிள்ளை இல்லாததுக்கும் அதைத்தான் சொன்னவா. நான் அழுதுகொண்டு அடுப்படியிலை நிக்கேக்கை நீங்கள் வாசல்லை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள். எனக்கு அது சரியோ பிழையோ எண்டு எத்தினை நாள் யோசிச்சிருப்பன் தெரியுமே? என்ரை ராசிதான் எண்டு நானே நம்பிப்போட்டன்."

 சொல்ல இருந்தது எல்லாம் சொல்லி முடிந்திருந்தது. அவள் லிப்ற்றுக்குப் போனாள். நான் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியால் ஒன்பது மாடி ஏறினேன். லிப்ற்றில் அவளோடு நிற்க முடியாது என்று தோன்றியது.

அந்தக் கிழமை முழுவதும் சமைத்து வைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், பேசவில்லை. எனக்கு முன்பே எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நான் தனியே சைக்கிளில் போவேன். சொன்னால் பாரம் குறையும் என்று எங்கேயோ மனதுக்குள் நினைத்திருந்தேன் போல. குறையவில்லை. பின்சீற்றில் இருந்தவ இன்னும் நன்றாக ஊன்றி இருந்தா.

வியாழக்கிழமை காலை, வயல்களுக்கு நடுவே போகும் அந்த நேர் வீதியில் அவளைக் கண்டேன். காற்றுக்கு முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, ஐஸுக்குப் போட்ட உப்பும் மணலும் ஒதுங்கிக் கிடந்த வீதியோரமாக நடந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்க்கும்போது யாரோ வயதானவர் போல இருந்தாள். வேகத்தைக் குறைத்து அவளுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓரத்து மணலில் சில்லு சற்று வழுக்கியது, காலை ஊன்றிக்கொண்டேன். அவள் நடையை மாற்றாமல் என்னைக் கடந்து போனாள். மறுபடி ஓடிப் போய் முன்னால் நிறுத்தினேன். மறுபடி கடந்து போனாள். மூன்றாம் தடவை நிறுத்தியபோது நின்றாள்.

"அம்மாவுக்கு எழுதுங்கோ," என்றாள்.

"என்னெண்டு?"

"எனக்குச் சொன்னதை. ஒண்டும் விடாமல்."

"அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதே. பக்கத்து வளவிலை ஆரும்தானே வாசிச்சுக் காட்டவேணும்."

"ஓம். நல்லது. அவையளும் கேக்கட்டும். அவையளுக்கு முன்னாலையும்தானே என்னைச் சொன்னவா."

"நீர் எழுதித் தாருமன். எனக்கு வடிவா எழுத வராது."

"என்ரை கையெழுத்திலை போனா நான் சொல்லி எழுதினதெண்டுவினம். நீங்கள் எழுதுங்கோ. எழுதினாப் பிறகு நான் பின்னாலை இருக்கிறன்." சொல்லிவிட்டு நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால், முதலாம் கியரில், நடை வேகத்தில், தொழிற்சாலை வாசல் வரைக்கும் போனேன். வேலைக்கு வந்த கார்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

சனிக்கிழமை பின்னேரம் சமையலறை மேசையில் இருந்து எழுதினேன். அம்மாவுக்கு நான் எழுதும் கடிதங்கள் எப்போதும் அரைப் பக்கம்தான். நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறோம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தில் சென்றி என்று எழுதலாமா, வழியில் பிரித்துப் பார்ப்பவர்கள் கிழித்துப் போடுவார்களா என்று யோசித்தேன். "காவல் இடம்" என்று எழுதினேன். அக்கா நிப்பாட்டச் சொன்னா என்ற வரியை நான்கு தடவை எழுதி நான்கு தாளைக் கசக்கினேன். கடைசியில், பேசுகிற மாதிரியே எழுதினேன். அக்கா நிப்பாட்டச் சொன்னா, நான் நிப்பாட்டவில்லை, இதில் என் மனைவிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கம் நிறையவில்லை. மனைவி வாசித்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது, இருக்கட்டும் என்றாள். தானே மடித்து, தானே முத்திரை ஒட்டி, தானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை பார்க்கிங்கில் என்னுடைய பழைய காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி நின்றாள். தலையில் ஹெல்மெற், கழுத்தில் சால்வை இல்லை. கோட்டின் கழுத்தை மேலே இழுத்து ஊசி குத்தியிருந்தாள். அண்ணையும் கதிரையோடு வந்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் காலைப் போட்டு எப்பிடியப்பா இருக்கிறது? ஊர்ச்சனம் பாத்தாச் சிரிக்கும்."

"இஞ்சை ஆர் பாக்கிறது?"

"உந்த அண்ணை பாக்கிறார்."

அண்ணை எழும்பி, கதிரையைத் தூண் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் ஒண்டும் பாக்கேல்லை பிள்ளை. ஏறு."

ஏறினாள். பாரம் நடுவில் விழுந்தது. என் தோளைப் பிடிக்கவில்லை, சீற்றுக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நிப்பாட்டச் சொன்னா உடனை நிப்பாட்டுவன்," என்றேன்.

"நான் சொல்லமாட்டன். வேலைக்கு நேரம் போகுது, எடுங்கோ."

அன்றைக்கு வெயில் இருந்தது, சூடு இல்லை. வீதி வெளுத்துக் காய்ந்து உப்பாக இருந்தது. முதல் பத்து நிமிடம் ரயரை நம்பாமல் ஓடினேன். பாலத்துக்கு வந்தபோது என் இடுப்பு வழக்கம் போல வலப்பக்கம் போகப் பார்த்தது. பின்னால் அவளுடைய இரண்டு முழங்காலும் என் இடுப்பின் இரண்டு பக்கமும் இருந்தன. சரிய இடம் இருக்கவில்லை. நடுவில் அவளுடைய பாரம். இடப்பக்கம் தோளுக்குப் பக்கத்தில் மற்றது. பாலத்தை நாங்கள் மூன்று பேராகக் கடந்தோம் என்று எழுதினால் யாராவது சிரிக்கலாம். நான் அதை அப்படித்தான் கடந்தேன். பாலம் முடியும் வரைக்கும் சைக்கிள் நேராகப் போனது.

 தொழிற்சாலை வாசலில் இறங்கி, காற்சட்டையைத் தட்டி, "கை விறைச்சுப் போச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாள் அவளும் றப்பர் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். பச்சை நிறம். ஒன்பது நாள் அப்படி ஓடினோம். பத்தாம் நாள் பனி கொட்டி மூடிவிட்டது. அன்றைக்கு நான் எடுக்கவில்லை. எடுக்காமல் விடுவதும் ஓட்டத்தில் ஒரு பகுதிதான் என்று அண்ணை சொன்னார். அவள் தானே போய் வேலையிடத்துப் பெண் ஒருத்தியிடம் பேசி, பங்குனி மாதம் வரைக்கும் அவளுடைய காரில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பிடித்தாள். ஒருவர் மடியில் ஒருவர் என்று சொல்லுமளவுக்கு நெருக்கமாகப் போனோம்.

ஊருக்குக் கடிதம் போய் வர மாதக் கணக்காகும் காலம் அது. அம்மாவின் பதில் பங்குனி கடைசியில் வந்தது. வீதியோரத்தில் கறுத்த பனி இன்னும் குவிந்து கிடந்தது. அண்ணை சில்லுக்குக் காற்றடித்து வைத்திருந்தார். மறுநாள் மறுபடி ஓடுவதாக இருந்தோம். நான் கடிதத்தைப் பிரிக்கப் பயந்து அவளிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள். அம்மாவின் கால் வீக்கம், மழை, கிணற்றில் தண்ணீர் நல்லாக ஊறியிருக்கிறது, மண்ணெண்ணெய் இல்லை. அக்காவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதியதைப் பற்றியும் இல்லை. கடைசி வரியில், மருமகளைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும் என்று இருந்தது. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அம்மாவின் கடிதம் ஒன்றிலும் மருமகள் என்ற சொல் வந்ததில்லை.

அவள் அந்த வரியை மறுபடி வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"இது அவா சொல்லி எழுதினதோ, எழுதினவை தங்கடை எண்ணத்திலை போட்டதோ?"

எழுத்து யாருடையது என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து இல்லை. கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் முடிவில் இப்படி ஒரு வரி போடுவது வழக்கம்தான்.

"தெரியாது," என்றேன்.

"எல்லாத்துக்கும் தெரியாதெண்டே சொல்லுங்கோ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடிதத்தை உறைக்குள் போட்டுப் பாஸ்போட்டுகள் இருக்கும் மேசை லாச்சிக்குள் வைத்தாள். நாளைக்குக் கயிறு வேண்டாம், காற்சட்டைக்கு ஒரு பெல்ற் எடுத்துத் தாங்கோ என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.